கல்லீரல் புற்றுநோய்: துளைவழி அறுவையா, திறந்த அறுவையா?

கேள்வி: என் தந்தைக்குக் கல்லீரலில் புற்றுக்கட்டி இருக்கிறது. வயிற்றைத் திறக்காமல் துளையிட்டே அதை முழுமையாக அகற்ற முடியுமா?

பதில்: முடியும், ஆனால் கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்தது. இடது ஓரத்திலோ முன்பக்கக் கீழ்ப்பகுதியிலோ இருந்தால் லேப்ராஸ்கோப்பி எனும் துளைவழி அறுவை எளிது. உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) ஒட்டியோ பெரிய ரத்தக்குழாய்களை நெருங்கியோ இருந்தால், திறந்த அறுவையே பல நேரங்களில் பாதுகாப்பானது. துளைவழி முறையில் வயிற்றுக்குள் செலுத்தப்படும் கரியமில வாயுவின் அழுத்தம் சிரைகளின் கசிவைத் தடுப்பதால், ரத்த இழப்பு பொதுவாகக் குறைவு. வெட்டிய பகுதியைப் பையிலிட்டு, பெரும்பாலும் அடிவயிற்றுக் கீறல் வழியே எடுப்பார்கள். பெருங்குடலிலிருந்து கல்லீரலுக்குப் பரவிய புற்றுக்காக (உங்கள் தந்தைக்கு இருப்பது வேறு வகையாக இருக்கலாம்) நார்வேயில் 280 பேரிடம் நடந்த ஆய்வில், சிக்கல்கள் திறந்த முறையில் 31 சதவீதம், துளைவழியில் 19 சதவீதம். ஐந்தாண்டு உயிர்வாழ்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. அறுவையின் நடுவே திறந்த முறைக்கு மாற நேர்ந்தால், அதைத் தோல்வியாகக் கருத வேண்டாம்.