கேளுங்கள், பேசுவோம்: "முடியைத் தொட்டுப் பார்த்தால் என்ன தப்பு?"

இந்த மாதம் மலையிலிருந்து வந்த கடிதங்களில் ஏழு, ஒரே விஷயத்தைத்தான் ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி வருகின்றன. வேற்று நாட்டு, வேற்று முகச்சாயல் உள்ள மனிதர்களை நாம் எப்படிப் பார்க்கிறோம், எப்படிக் கூப்பிடுகிறோம் என்பது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குன்னூர் மார்க்கெட்டிலிருந்து வெலிங்டன் பக்கம் போகும் பஸ்ஸில் போன வாரம் ஒரு ஆப்பிரிக்க அம்மா இரண்டு பெண் குழந்தைகளோடு ஏறினார். சின்னவளுக்கு முடியை நூல் நூலாகப் பின்னி மணி கோத்திருந்தது, அவ்வளவு அழகு. பக்கத்தில் இருந்த அக்கா தொட்டுப் பார்த்தார், அப்புறம் இன்னொருவர், அப்புறம் என் மகள். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார். பாசத்தில் தொட்டதுதானே, என்ன தப்பு?
— ஒரு வாசகி, குன்னூர்

பாசம்தான், நம்புகிறேன். ஆனால் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டார் என்று எழுதியது நீங்கள்தான், பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. மொழி தெரியாத ஊரில், கூட்டமான பஸ்ஸில், முன்பின் தெரியாத மூன்று பேரின் கை ஒன்றன்பின் ஒன்றாகத் தன் குழந்தையின் தலைக்கு வந்தால் எந்த அம்மாவும் இறங்கத்தான் செய்வாள். சீசனுக்கு வருகிற யாரோ ஒருவர் கேட்காமல் கொள்ளாமல் உங்கள் மகளின் சடையைப் பிடித்துப் பார்த்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கூடவே இன்னொன்று, அந்தப் பின்னல் மணிக்கணக்காக உட்கார்ந்து போடுவது, ஆளாளுக்கு இழுத்தால் கலைந்துபோகும்.

என்னை யோசிக்க வைத்தது வேறு. இது ஆப்பிரிக்கர்களையே பார்க்காத ஊர் என்றால் ஆர்வம் என்று விட்டுவிடலாம். வெலிங்டனில் முப்படை அதிகாரிகளின் ஸ்டாஃப் காலேஜ் 1947-லிருந்து நடக்கிறது, நம் நாட்டு அதிகாரிகளோடு நட்பு நாடுகளின் அதிகாரிகளும் வந்து படிக்கிறார்கள், பலர் குடும்பத்தோடு கிட்டத்தட்ட ஒரு வருடம் இங்கேயே இருக்கிறார்கள். நைஜீரியாவின் அதிபராக இருந்த ஒபசாஞ்சோவும் புஹாரியும் இந்த வெலிங்டனில் படித்துவிட்டுப் போனவர்கள்தான். ஆக, இத்தனை வருடமாகப் பார்க்கிறோம், காய்கறி விற்கிறோம், டாக்சி ஓட்டுகிறோம், பேசிப் பழகியது மட்டும் இல்லை. பழகியிருந்தால் அந்த அம்மாவின் பெயராவது பஸ்ஸில் யாருக்காவது தெரிந்திருக்கும்.

அப்புறம் "நீக்ரோ" என்ற சொல். உங்கள் கடிதத்தில் அது இரண்டு இடத்தில் இருந்தது, நான் மாற்றிப் போட்டிருக்கிறேன். எனக்குப் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனால் மனிதர்களைப் பிடித்து விற்ற காலத்தின் நாற்றம் அதில் இருக்கிறது, கேட்கிறவர்களுக்கு வலிக்கிறது, விட்டுவிடுங்கள். எந்த நாடு என்று கேட்டு அந்த நாட்டின் பெயரைச் சொல்லுங்கள். ஆப்பிரிக்கா என்பது ஒரு நாடு கிடையாது, 54 நாடுகள். நைஜீரியாவில் மட்டும் 500-க்கு மேற்பட்ட மொழிகள் பேசுகிறார்கள்.

உங்கள் மகளைத் திட்டாதீர்கள். அடுத்த தடவை அந்தக் குழந்தையைப் பார்த்தால் சிரிக்கட்டும், முடி அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொல்லட்டும், கையைத் தன் மடியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் கடைக்குப் பக்கத்து ஹோட்டலில் மணிப்பூர், மிசோரம் பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். எனக்கு எல்லாமே ஒரே முகமாகத் தெரிகிறது. "சைனா" என்று கூப்பிட்டால் முகம் சுளிக்கிறார்கள். நான் கெட்ட எண்ணத்தில் கூப்பிடவில்லை.
— ஒரு கடைக்காரர், ஊட்டி

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது, தனித்தனியாகப் பார்ப்போம்.

முகம் பிடிபடாதது உங்கள் குற்றம் கிடையாது. மூன்று மாதக் குழந்தைக்கு எந்த இனத்து முகமானாலும் ஒன்றையொன்று பிரித்துப் பார்க்க முடிகிறது, ஒன்பது மாதம் ஆவதற்குள் சுற்றிலும் இருக்கிற முகங்களுக்கே கண் பழகி மற்றவை மங்கிவிடுகின்றன என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். அதே சமயம், கொரியாவில் பிறந்து சிறு வயதிலேயே பிரான்ஸ் குடும்பங்களுக்குத் தத்துப் போனவர்களைச் சோதித்தபோது, பெரியவர்களான பிறகு அவர்களுக்கு ஐரோப்பிய முகங்கள்தான் நன்றாக அடையாளம் தெரிந்தன. ஆக, இது பழக்கம்தான். சீசனுக்கு வருகிறவருக்குத் தேயிலைச் செடி முழுக்க ஒரே பச்சை, கொழுந்து பறிக்கிற அம்மாவுக்கு எது இன்றைக்குப் பறிக்கவேண்டியது, எது அடுத்த வாரத்துக்கு என்று கை போகும்போதே தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கும் முதல் மாதம் நாமெல்லாம் ஒரே முகமாகத்தான் தெரிந்திருப்போம்.

"சைனா" என்று கூப்பிடுவது அப்படி இல்லை. அது கண்ணின் வேலை கிடையாது, வாயின் வேலை, அதை நிறுத்த முடியும். சொந்த நாட்டிலேயே ஒருவரை நீ இந்த நாட்டுக்காரன் இல்லை என்று தினமும் சொல்வது அது. 2020-ல் கொரோனா வந்த புதிதில் வடகிழக்குப் பிள்ளைகளை "கொரோனா" என்றே கூப்பிட்டு விரட்டியதும், மத்திய உள்துறை அமைச்சகம் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதவேண்டி வந்ததும் நினைவிருக்கும். அந்தப் பிள்ளைகள் முகம் சுளிக்கும்போது அதெல்லாம் சேர்ந்துதான் சுளிக்கிறார்கள்.

நம் மலைக்குச் சீன முகம் புதிதும் அல்ல. 1860-களில் நடுவட்டத்தில், மலேரியா மருந்தான கொய்னாவுக்காகச் சிங்கோனா மரம் போட்டபோது சீனக் கைதிகளைக் கொண்டுவந்து வேலை வாங்கினார்கள், அவர்களை அடைத்துவைத்த சிறை இன்றும் அங்கே நிற்கிறது. விடுதலையான சிலர் அங்கேயே தங்கி, தமிழ்ப் பெண்களைக் கட்டி, காய்கறி பயிரிட்டு, மாடு வளர்த்துப் பிழைத்தார்கள். பிறந்த பிள்ளைகளும் இந்த மலைப் பிள்ளைகள்தான்.

இனம் என்பது அறிவியல்தானே சார்? உருவம் மாறும்போது குணமும் மாறத்தானே செய்யும்?
— கல்லூரி மாணவர், ஊட்டி

மாறாது. இந்தக் கேள்வியை ஊட்டியிலிருந்து ஒருவர் கேட்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்த "அறிவியலை" நம் மலை மக்கள் மேல்தான் பரிசோதித்தார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1890-களில் தோடர், கோத்தர் எல்லாரையும் நிற்கவைத்து மூக்கின் நீள அகலத்தையும் மண்டையையும் கருவியால் அளந்தார். அவருக்கும் முன்னால் வந்த வெள்ளைக்காரர்கள் சிலர், தோடர்களின் தாடியையும் மூக்கையும் போர்வையையும் பார்த்துவிட்டு இவர்கள் ரோமானியர் வழி வந்தவர்கள், காணாமல்போன யூதக் குலம் என்றெல்லாம் எழுதிவைத்தார்கள். தோடர்கள் பேசுவதோ திராவிட மொழி, தமிழுக்கு உறவு.

மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் ஏறக்குறைய 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்கு உள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவன்டின் 1972-லேயே கணக்கிட்டுச் சொன்னார். தோலின் நிறம் மெலனின் என்ற நிறமியின் சமாச்சாரம், முன்னோர்கள் எவ்வளவு வெயிலில் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லும், திருடுவார்களா, உழைப்பார்களா என்பதைச் சொல்லாது.

எங்கள் பக்கம் எஸ்டேட்டுகளில் இப்போது ஜார்க்கண்ட், அசாம் ஆட்கள்தான். ஊரில் எது காணாமல் போனாலும் "வடக்கன்தான் எடுத்திருப்பான்" என்கிறார்கள். எங்கள் மாடி வீடு காலியாக இருக்கிறது, ஒரு ஜார்க்கண்ட் குடும்பம் கேட்டது, மாமனார் தரமாட்டேன் என்றுவிட்டார். அவர் 1970-களில் சிலோனிலிருந்து வந்தவர். அந்த ஆட்களும் இந்தியர்கள்தானே, இதை இனவெறி என்று சொல்லலாமா?
— ஒரு மருமகள், கோத்தகிரி

பெயர் என்ன வைத்தாலும் நடப்பது ஒன்றுதான். ஒருவர் செய்ததை, பல நேரம் யார் செய்தது என்றே தெரியாததை, ஒரு முகச்சாயல் மொத்தத்தின் மேலும் எழுதுவது.

ஆனால் உங்கள் மாமனாரிடம் இனவெறி என்ற சொல்லை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், மனம் மூடிக்கொள்ளும். காபி கொடுத்துவிட்டு, "மாமா, நீங்க கப்பல்ல ராமேஸ்வரம் வந்து இறங்கினப்ப உங்கள என்னன்னு கூப்பிட்டாங்க?" என்று கேளுங்கள், அவர் பேசட்டும். 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் நம் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எழுதினார்கள், எழுதப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அங்கே இருந்தவரை "தோட்டக்காட்டான்", "இந்தியாக்காரன்". மண்டபம் முகாம் தாண்டி இந்த மலைக்கு வந்தால் "சிலோன்காரன்", "அகதி". அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்த பிறகும் வாடகைக்கு வீடு, கடையில் கடன், பிள்ளைக்குப் பெண் என்று ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர் முன்னால் வந்து நின்றதைச் சொல்லும் பெரியவர்களை நான் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பார்த்திருக்கிறேன், சொல்லும்போது இன்றைக்கும் குரல் மாறும். அதே பெரியவர்களில் சிலர் "வடக்கன்" என்று சொல்வதையும் கேட்டிருக்கிறேன். பட்டவர்கள் என்பதாலேயே அடுத்தவரின் பாடு புரிந்துவிடும் என்று நான் நம்பியதுண்டு, அப்படித் தானாக நடப்பதில்லை, யாராவது எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. உங்கள் வீட்டில் அது நீங்கள்.

கார்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-ல் ஒன்று எழுதினார். இரண்டு கூட்டத்தார் சும்மா அருகருகே இருப்பதால் மட்டும் முன்முடிவு போகாது, சமமான இடத்தில் நின்று, ஒரே காரியத்துக்காகச் சேர்ந்து வேலை செய்தால் போகும், அதற்கு ஊரின், மேலிடத்தின் ஆதரவும் வேண்டும் என்றார். 2006-ல் 515 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த இரண்டு பேர், பழக்கம் கூடினால் வெறுப்பு குறைகிறது என்றே கண்டார்கள். இதை உங்கள் எஸ்டேட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். மேஸ்திரி ஏவுகிறார், இவர்கள் செய்கிறார்கள், சாயந்திரம் எஸ்டேட் லைன் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். இருபது வருடம் இப்படிப் பார்த்தாலும் எதுவும் மாறாது. மாடியும் கீழும் குடியிருந்தால், தண்ணீர் எப்போது வரும் என்று ஒருவரையொருவர் கேட்டால், கோயில் திருவிழாவுக்கு அவர்களிடமும் வரி வாங்கி அவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தால் மாறும்.

வீடு கொடுப்பதில் எல்லாரிடமும் கேட்பதைக் கேளுங்கள், ஆதார், அட்வான்ஸ், எத்தனை பேர் தங்குவார்கள் என்று. தமிழ்க் குடும்பத்திடம் கேட்காத எதையும் அவர்களிடம் கேட்காதீர்கள். மாமா ஒத்துக்கொண்டாரா என்று எனக்கு எழுதுங்கள், உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை.

வட்டக்கானலில் ரூம் விடுகிறோம். இஸ்ரேல் பையன்கள் நிறைய வருகிறார்கள். வெள்ளைக்காரர்கள் என்றாலே கஞ்சாவுக்குத்தான் வருகிறார்கள் என்கிறாரே என் தம்பி?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

அந்தப் பிள்ளைகளில் பலர் கட்டாய ராணுவ சேவையை முடித்துவிட்டுக் கொஞ்ச நாள் மூச்சுவிட வருகிறவர்கள். சிலர் கஞ்சா தேடுவார்கள், விற்கிறவர் யார் என்று உங்கள் தம்பிக்கே தெரிந்திருக்கும், அவர் வெள்ளைக்காரர் இல்லை. 1845-லிருந்து கொடைக்கானலில் அமெரிக்கர்கள் வீடு கட்டி இருந்திருக்கிறார்கள், 1901-ல் அவர்கள் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளியில் இன்று பல நாட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அன்றைக்கு வெள்ளைத்தோல் என்றால் துரை, இன்றைக்குக் கஞ்சா அல்லது டாலர். மூன்றுமே ஆளைப் பார்க்காமல் தோலைப் பார்த்துச் சொன்னது. விதிமுறையை எழுதி ஒட்டுங்கள், மீறினால் தமிழனானாலும் இஸ்ரேலியனானாலும் வெளியே அனுப்புங்கள்.

நாமே கறுப்பு, நாம் ஏன் ஆப்பிரிக்கர்களைக் கறுப்பு என்று கேலி செய்கிறோம்?
— ஒரு வாசகி, பண்ணைக்காடு

"கறுப்பே அழகு, காந்தலே ருசி" என்று பழமொழி சொல்லிக்கொண்டே பெண் பார்க்கும்போது "பொண்ணு சிவப்பா?" என்று கேட்கிறவர்கள் நாம். வீட்டுக்குள் நம் பிள்ளைகளுக்கே செய்வதைத்தான் வெளியே அவர்களுக்கும் செய்கிறோம். வீட்டுக்குள் நிறுத்துங்கள் முதலில், உங்கள் பிள்ளைகள் காதுபட நிறத்தைப் பற்றிப் பேசுவதை.

நான் எட்டாம் வகுப்பு. எங்கள் கிளாசில் புதிதாக ஒரு ஆப்பிரிக்கப் பையன் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. எல்லாரும் சிங்கம் பார்த்திருக்கிறாயா, ரொம்ப வேகமாக ஓடுவாயா என்று கேட்கிறார்கள், அவன் பதில் சொல்வதில்லை. எனக்கு அவனிடம் பேச ஆசை, தப்பாக எதையாவது கேட்டுவிடுவேனோ என்று பயம். முதலில் என்ன பேசுவது?
— ஒரு மாணவன், கொடைக்கானல்

தம்பி, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். சிங்கத்தை அவன் மிருகக்காட்சி சாலையில் பார்த்திருக்கலாம், நீ வண்டலூரில் பார்த்த மாதிரி. அதெல்லாம் வேண்டாம். மதியம் சாப்பிடும்போது பக்கத்தில் இடம் விடு. இந்தக் குளிர் பிடித்திருக்கிறதா, கணக்கு வாத்தியார் பேசுவது புரிகிறதா, ஃபுட்பால் ஆடுவாயா என்று கேள், உன் பழைய நண்பனிடம் என்ன பேசுவாயோ அது. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டால் சாரி சொல்லிவிட்டு அடுத்ததைப் பேசு, அதற்குப் பயந்து பேசாமல் இருப்பதுதான் அவனுக்கு அதிகக் கஷ்டம்.

முதலில் அவன் பெயரைக் கேள், சரியாகச் சொல்ல வரும்வரை திருப்பிச் சொல்லிப் பார். உன் கடிதத்தில் ஒரு பக்கம் முழுக்க அவனைப் பற்றித்தான் இருக்கிறது, பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அடுத்த கடிதத்தில் எழுது.