டு வருமா, இங் வருமா?

டீச்சர், நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் வேலைக்கு விண்ணப்பக் கடிதம் எழுதினேன். கடைசி வரியில் 'ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ' என்று போட்டேன். 'ஹியரிங்' என்று வரவேண்டும் என்கிறார் அண்ணா. 'டு' வந்தால் வினைச்சொல் அப்படியே நிற்கும் என்றுதானே படித்தோம்?
- வாசகி, பொகவந்தலாவை

அண்ணா சொல்வதுதான் சரி, மகள். கடிதத்தை அனுப்புவதற்கு முன் திருத்திவிடுங்கள்.

ஆங்கிலத்தில் 'டு' இரண்டு வேலை பார்க்கிறது. 'ஐ வான்ட் டு கோ' என்பதில் அது வினையோடு சேர்ந்தது. 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் அது 'இன்', 'அட்', 'ஃபார்' கூட்டத்தைச் சேர்ந்த ப்ரெபொசிஷன். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால் ஒரு வினை வந்தால் 'இங்' சேர்ந்தே ஆகவேண்டும்: 'குட் அட் குக்கிங்', 'இன்டரஸ்டட் இன் லேர்னிங்'. எந்த 'டு' என்று சந்தேகம் வந்தால், அந்த இடத்தில் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை' சரியாக வருகிறது. 'ஐ வான்ட் டு யுவர் ரிப்ளை' வராது. பெயர்ச்சொல் பொருந்தினால் வினைக்கு 'இங்' போடுங்கள்.

ஹோட்டல் வேலை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'ஐ ஆம் யூஸ்ட் டு வொர்க்கிங் அட் நைட்' என்றால் இரவு வேலை எனக்குப் பழக்கம் என்று பொருள். 'ஐ யூஸ்ட் டு வொர்க் அட் நைட்' என்றால் முன்பு இரவில் வேலை செய்தேன், இப்போது இல்லை. நேர்முகத் தேர்வில் இது மாறிப்போனால் நீங்கள் சொல்ல வந்ததே மாறிவிடும்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறேன். எந்த வினைக்குப் பின் 'டு', எதற்குப் பின் 'இங்' என்று டியூஷனில் நீண்ட பட்டியல் தந்து பாடமாக்கச் சொல்கிறார்கள். மனதில் நிற்கவே இல்லை. என்ன செய்வது?
- மாணவன், தலவாக்கலை

பட்டியலை மட்டும் கொடுத்துப் பிள்ளைகளைப் பாடமாக்க வைப்பது எனக்குச் சம்மதமே இல்லை, மகன். ஒவ்வொரு வினைக்கும் உன் வீட்டிலிருந்து, உன் தோட்டத்திலிருந்து ஒரு வசனம் எழுது. 'வீ டிசைடட் டு க்ளைம்ப் ஸ்ரீ பாத.' 'வீ என்ஜாய்ட் வாட்சிங் த ஃபால்ஸ்.' அட்டன் வீதியில் பஸ்ஸில் போகும்போது சென்ட் கிளேயர் அருவியைப் பார்த்திருப்பாய் அல்லவா, அந்த மாதிரி உன் கண்ணில் பட்டதை எழுது.

பொதுவாக, இனி நடக்கப்போவதைச் சொல்லும் வினைகள் 'டு' கேட்கும்: வான்ட், ஹோப், ப்ளான், ப்ராமிஸ், டிசைட். நடந்துகொண்டிருப்பதையும் முடிந்ததையும் சொல்பவை 'இங்' கேட்கும்: என்ஜாய், ஃபினிஷ், கிவ் அப். ஆனால் இது எல்லா இடத்திலும் செல்லாது. 'சஜெஸ்ட்' இனி நடக்கப்போவதைத்தான் சொல்கிறது, அப்படியிருந்தும் 'ஹி சஜெஸ்டட் கோயிங் பை ட்ரெயின்' என்றுதான் எழுதவேண்டும். அதனால்தான் வசனமாகவே பழகு என்கிறேன்.

இரண்டும் வரும் வினைகளில்தான் அதிக கவனம் வேண்டும். 'மை மதர் ஸ்டாப்ட் ப்ளக்கிங் டு ட்ரிங்க் டீ.' அம்மா கொழுந்து பறிப்பதை நிறுத்தினார், தேத்தண்ணி குடிப்பதற்காக. நிறுத்திய வேலைக்கு 'இங்', எதற்காக என்பதற்கு 'டு'. இதையே 'ஸ்டாப்ட் ட்ரிங்கிங் டீ' என்று எழுதினால் அம்மா தேத்தண்ணி குடிப்பதையே விட்டுவிட்டார் என்றாகிவிடும். 'ரிமெம்பர்' கூட இப்படித்தான். 'ரிமெம்பர் டு லாக் த டோர்' என்றால் பூட்ட மறக்காதே. 'ஐ ரிமெம்பர் லாக்கிங் த டோர்' என்றால் பூட்டியது நினைவிருக்கிறது. இந்த இரண்டு வினையும் உனக்கு வசப்பட்டால் 'ஃபர்கெட்' தானாகவே பிடிபடும்.

'லெட்', 'மேக்' வந்தால் எதைப் போடுவது?
- வாசகர், பண்டாரவளை

இரண்டும் வேண்டாம். 'லெட் மீ கோ', 'தே மேட் அஸ் வெய்ட்'. ஆனால் 'மேக்' செயப்பாட்டு வினையாக மாறினால் 'டு' திரும்பி வந்துவிடும்: 'வீ வேர் மேட் டு வெய்ட்'.