வேலூரிலிருந்து இலங்கைக்குப் பத்து நாள்: சிம் கார்டு எங்கே வாங்குவது, நம் நம்பரை என்ன செய்வது?

கேள்வி: "வேலூரிலிருந்து குடும்பமாக நான்கு பேர் பத்து நாள் இலங்கை போகிறோம். இங்கேயே இன்டர்நேஷனல் சிம் வாங்கிக்கொள்ளலாமா, கொழும்பில் வாங்கலாமா? நம் நம்பருக்கு வரும் ஓடிபி என்ன ஆகும்?"

கொழும்பில் வாங்குங்கள். கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைத் தாண்டியதும், வருகைக் கூடத்திலேயே டயலாக் (அங்கே எழுதுவது டயலொக்), மொபிடெல் என்ற போன் கம்பெனிகளின் கவுன்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டைக் கொடுத்தால் சில நிமிடங்களில் சிம் கைக்கு வந்துவிடும். சிம் வாங்குவதில் சிரமமே இல்லை. ஊரில் செய்யாமல் விட்ட வேலைகள்தான் அங்கே போய் வாட்டும். அதனால் முதலில் காட்பாடியில் ரயில் ஏறுமுன் செய்யவேண்டியதைச் சொல்கிறேன்.

நம் இந்திய சிம்மைக் கழற்றவே கூடாது. வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ஆகவே போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் இருக்கிறதா என்று இன்றே ட்ரேயை வெளியே இழுத்துப் பாருங்கள். பல போன்களில் இரண்டாவது குழியில் சிம் அல்லது மெமரி கார்டு, இரண்டில் ஒன்றுதான் உட்காரும். மெமரி கார்டு இருந்தால் போட்டோக்களை வேறு இடத்தில் ஏற்றிவிட்டுக் கார்டை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ட்ரே திறக்கும் ஊசியைக் கைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது குழியே இல்லையென்றால் *#06# அழுத்துங்கள். ஐஎம்ஈஐ எண்ணோடு ஈஐடி என்று ஒரு நீள எண்ணும் வந்தால் இசிம் (கார்டு இல்லாமல் போனுக்குள்ளேயே ஏறும் சிம்) வேலை செய்யும். அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் அனுப்பிய போனாக இருந்தால், அது அங்குள்ள கம்பெனிக்கு லாக் ஆகியிருக்கலாம். ஏர்டெல் சிம் இருக்கும் போனில் ஒரு ஜியோ சிம்மைப் போட்டுப் பாருங்கள், எடுத்துக்கொண்டால் கவலையில்லை.

அடுத்து ரோமிங். கம்பெனி ஆப்பில் இன்டர்நேஷனல் ரோமிங்கைக் கிளம்புவதற்கு முந்தின நாளே திறந்துவிடுங்கள். சில கம்பெனிகளில் இதற்கென்று ஒரு ரீசார்ஜ் போட்டால்தான் திறக்கும். வெளிநாட்டில் வரும் எஸ்எம்எஸ்ஸுக்குப் பொதுவாகக் காசு பிடிப்பதில்லை. வரும் காலை எடுத்தால் பிடிப்பார்கள். ரீசார்ஜ் வேலிடிட்டி திரும்பி வரும் தேதியையும் தாண்டி இருக்கட்டும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: ஊரிலேயே ##002# அழுத்தி கால் ஃபார்வர்டிங் எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். நீங்கள் எடுக்காத கால் இலங்கை வரைக்கும் வந்துவிட்டு, ஃபார்வர்டு செய்த இந்திய நம்பருக்கே திரும்பும். அப்போது வந்த கால், போன கால் என்று இரண்டு பக்கமும் கட்டணம் விழும். போனை எடுக்காமலேயே காசு போவது இப்படித்தான்.

இப்போது கவுன்டர். நான்கு பேருக்கு நான்கு சிம் வேண்டாம்; இரண்டு போதும். ஆனால் ஒன்று டயலாக், ஒன்று மொபிடெல்லாக இருக்கட்டும். நுவரெலியா, எல்ல பக்கம் மலைவளைவுகளில் ஒன்று விடும் இடத்தில் மற்றது பிடிக்கும். மற்ற இருவரும் ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்துகொள்ளலாம். கொழும்பு புறக்கோட்டைச் சந்தைக் கூட்டத்தில் இரண்டாகப் பிரிந்து போகும்போது பக்கத்துக்கு ஒரு சிம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக் வாங்கும்போது மொத்த ஜிபியை மட்டும் பார்க்காதீர்கள். இலங்கையில் டேட்டாவைப் பகலுக்கு இவ்வளவு, நள்ளிரவுக்கு மேல் இவ்வளவு, சோஷியல் மீடியாவுக்கு மட்டும் இவ்வளவு என்று பிரித்துத் தருவது வழக்கம். "எனி டைம் எவ்வளவு?" என்று கேளுங்கள். மேப்பும் டாக்ஸி ஆப்பும் அந்தக் கணக்கில்தான் ஓடும்.

சிம்மைப் போட்டதும் உடனே நகராதீர்கள். உங்கள் சொந்தக்காரர் ஒருவருக்கு வாட்ஸ்அப் செய்தி, கவுன்டர்காரர் நம்பருக்கு ஒரு கால், இரண்டும் போகிறதா பாருங்கள். கால் போய் நெட் வராவிட்டால் பெரும்பாலும் ஏபிஎன் (கம்பெனியின் நெட்டோடு போனை இணைக்கும்) செட்டிங்தான் காரணம்; அங்கேயே சரிசெய்து தருவார்கள். பிறகு செட்டிங்ஸில் மொபைல் டேட்டாவை இலங்கை சிம்முக்கு மாற்றி, இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். சிக்னல் குறையும்போது டேட்டாவைத் தானாக இன்னொரு சிம்முக்கு மாற்றும் வசதி ஒன்று இருக்கும், அதையும் அணையுங்கள். அதை மறந்தால் மலை ரயில் குகைக்குள் நுழையும்போது போன் தானே இந்திய சிம்முக்குத் தாவப் பார்க்கும். வாட்ஸ்அப் புது நம்பருக்கு மாறவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

யுபிஐ 2024 பிப்ரவரி முதல் இலங்கையில் செல்லும், கடைகளின் க்யூஆரில் மட்டும். ஆப்பில் யுபிஐ இன்டர்நேஷனலை முன்பே திறந்து வையுங்கள். சிம்மைக் கழற்றிப் போட்டால் ஆப் மறுபடி சரிபார்க்க இந்திய நம்பரிலிருந்து எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும். அது ரோமிங்கில் காசு பிடிக்கும், சில சமயம் போகவும் போகாது. சிம்மைக் கழற்றாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

"அங்கேயும் ஏர்டெல் இருக்கிறதே, என் ஏர்டெல் சிம்மே போதாதா?" என்று சிலர் நினைக்கிறார்கள். ஏர்டெல் லங்கா தனிக் கம்பெனியாக இருந்தபோதும் நம் சிம்முக்கு அங்கே ரோமிங்தான். 2024-இல் அது டயலாக்கோடு இணைந்துவிட்டது.

ஊரிலிருந்தே ஆன்லைனில் வாங்கும் டிராவல் இசிம்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் கிடையாது. பிக்மீ (அங்குள்ள டாக்ஸி ஆப்) டிரைவர் வழி கேட்டுப் போன் செய்வார். உள்ளூர் நம்பர் இருந்தால் அந்த இடத்தில் திண்டாட வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை போகிறவர்கள் துறைமுகத்தில் கவுன்டரை எதிர்பார்க்காமல் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போய்க் கம்பெனிக் கடையிலேயே வாங்குங்கள். யாரோ ஒருவர் பெயரில் ஏற்கெனவே பதிவான சிம்மை வாங்கவே வேண்டாம்.

டேட்டா தீர்ந்தால் எந்தப் பெட்டிக்கடையிலும் "ரீலோட் போடணும்" என்று கேளுங்கள். ரீசார்ஜ் என்ற சொல் அங்கே அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. போனில் பத்து இலக்கமாகச் சேமித்திருக்கும் ஊர் நம்பர்கள் இலங்கை சிம்மிலிருந்து போகாது. முன்னால் +91 சேர்க்கவேண்டும். வீட்டு லேண்ட்லைன் என்றால் 0416-இல் உள்ள பூஜ்யத்தை விட்டு +91 416. உள்ளூரில் போலீஸ் 119, இலவச ஆம்புலன்ஸ் 1990. இரண்டையும் நால்வர் போனிலும் ஏற்றிவையுங்கள்.