நொதிக்க வைத்த மக்காச்சோளத்துக்கு எந்தச் சேர்மானம்?

கேள்வி: எட்டுக் கறவை மாடுகள் வைத்திருக்கிறேன். காய்ந்த மக்காச்சோளத்தை அரைத்துத் தண்ணீர் கலந்து, 200 லிட்டர் டிரம்மில் அடைத்து நொதிக்க வைக்கிறேன். திறந்த மூன்றாம் நாளே சூடேறிவிடுகிறது. மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு) சேர்க்கலாமா, பாக்டீரியாத் தூள் வாங்கலாமா?

பதில்: மொலாசஸ் வேண்டாம். புளிப்பதற்குத் தேவையான சர்க்கரை மணியிலேயே இருக்கிறது. மிஞ்சுவது ஈஸ்டுக்குத்தான் தீனி. திறந்ததும் காற்றுப் பட்டுப் பெருகும் ஈஸ்ட், சேர்ந்திருக்கும் லாக்டிக் அமிலத்தைத் தின்பதால்தான் சூடு பிறக்கிறது. ஒரு சாண் ஆழத்துக்குக் கையை விட்டுப் பாருங்கள்; புளிப்பு வாசனை குறைந்து வெதுவெதுப்பாக இருந்தால் கெடத் தொடங்கிவிட்டது.

பாக்டீரியாத் தூள் வாங்குவதானால் பொட்டலத்தில் 'புக்னரி' என்ற பாக்டீரியாவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 'பிளாண்டாரம்' என்ற பாக்டீரியா மட்டும் உள்ள தூள் விரைவாகப் புளிக்க வைக்குமே தவிர, திறந்த பிறகு சூடேறுவதைத் தடுக்காது. புக்னரியோ லாக்டிக் அமிலத்தின் ஒரு பகுதியை அசிட்டிக் அமிலமாக மாற்றி ஈஸ்டை அடக்குகிறது. மக்காச்சோள மணிக்கு உரிய அளவு, ஒரு கிராம் மணிக்கு 6 லட்சம் உயிருள்ள பாக்டீரியா. குளோரின் கலந்த தண்ணீரில் கரைத்தால் போட்ட காசு வீண்.

ஆனால் புக்னரி மெதுவாக வேலை செய்வது. 60 நாளாவது திறக்காமல் வைக்க வேண்டும். 90 நாள் வைத்தால், கெட்டி ரக மணிகளில் மாவுச்சத்தைச் சுற்றியுள்ள புரதப் பூச்சும் கரைந்து செரிமானம் கூடும். இந்தக் காத்திருப்புக்குப் பதிலாக எந்தத் தூளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஈரமும் சரியாக இருக்க வேண்டும். 12 சதவீத ஈரமுள்ள 100 கிலோ மணிக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் சேர்த்தால்தான் ஈரம் 35 சதவீதத்தை எட்டும். குறைந்தால் நொதித்தல் மந்தமாகும். பூஞ்சை பிடித்த மணியை எந்தச் சேர்மானமும் மீட்காது. அஃப்லடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சின் ஒரு பகுதி, உருமாறிப் பாலுக்குப் போய்ச் சேரும்.

மாட்டுக்கு இரண்டரை கிலோ வீதம் நாளைக்கு 20 கிலோ எடுத்தாலும் ஒரு டிரம் பத்து நாள் திறந்தே கிடக்கும். அதைவிட 50 கிலோ கொள்ளும் தடித்த பிளாஸ்டிக் பைகளில் அடைத்தால் மூன்று நாளில் ஒன்று தீரும். பாக்டீரியாத் தூளே தேவைப்படாமல் போகலாம். ஊட்டும்போது, ஒரு கிலோ காய்ந்த மக்காச்சோளத்துக்குப் பதிலாக இதில் சுமார் 1.35 கிலோ என்று கணக்கிட்டு, இரண்டு வாரத்தில் படிப்படியாக மாற்றுங்கள். மாவுச்சத்து வேகமாகச் செரிப்பதால் திடீரென்று கொடுத்தால் வயிற்றில் அமிலம் மிகுந்து மாடு தீனியை ஒதுக்கும்.