கேள்வி–பதில்: அட்டையில் ஒரு கிறிஸ்துமஸ் கிராமம்

கே: சத்துமாவு டப்பா அட்டையில் குட்டி வீடு செய்தேன். பெயின்ட் அடித்த மறுநாளே சுவர் வில்லாக வளைந்துவிட்டது. என்ன காரணம்? (நாகர்கோவில் வாசகி)

ப: இரண்டு காரணங்கள். அந்த அட்டை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும். அதிலும் ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால், அந்தப் பக்கத்து இழைகள் உப்பி, காயும்போது சுருங்கி, அட்டையைத் தன் பக்கமாக இழுத்துவிடும். பைண்டிங் கடைகளில் கிடைக்கும் சாம்பல் நிற கிரே போர்டை 1.5 மி.மீ. கனத்தில் வாங்குங்கள். வெட்டிய துண்டுகளுக்கு முதலில் அரக்கு பாலிஷ் இரண்டு பக்கமும் ஒரு கை தடவிக் காயவிடுங்கள். அது ஸ்பிரிட்டில் கரைந்தது, தண்ணீர் இல்லை. அதனால் அட்டை உப்பாது. அதன்பின் பெயின்ட் எவ்வளவு அடித்தாலும் ஈரம் உள்ளே இறங்காது. டப்பா அட்டைதான் கையில் இருக்கிறதென்றால், மூன்று அடுக்கை ஒட்டி, ஒரு இரவு முழுக்கக் கனமான புத்தகங்களுக்கு அடியில் வையுங்கள். நடு அடுக்கின் இழை மட்டும் குறுக்கே ஓட வேண்டும்.

கே: முதல் வீட்டுக்கு அளவு கொடுங்கள். எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதிலேயே குழப்பம். (திருச்சி வாசகர்)

ப: குழப்பம் நியாயமானதே, வரிசை மாறினால் பாதி வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டிவரும். முன்சுவர், பின்சுவர் இரண்டும் 7 செ.மீ. அகலம், ஓரத்தில் 6 செ.மீ. உயரம், நடு உச்சியில் 10 செ.மீ. பக்கச் சுவர்கள் இரண்டும் 5 × 6 செ.மீ. இவை முன்சுவருக்கும் பின்சுவருக்கும் இடையில் நிற்கும். கூரை 12 × 6.5 செ.மீ. அளவில் ஒரே துண்டு. நடுக்கோட்டில், வெளிப்பக்கமாக, பாதி கனத்துக்கு மட்டும் கீறி, கீறல் விரியும்படி பின்னோக்கி மடியுங்கள். அட்டையின் இழை அந்த மடிப்புக்கோட்டின் போக்கிலேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் மடிப்பு பிசிறு பிசிறாக உடையும். இந்த அளவில் கூரை இரு பக்கமும் ஏறத்தாழ 7 மி.மீ. வெளியே நீட்டி நிற்கும். பனி உட்கார அந்த விளிம்பு தேவை.

சுவர்களைச் சேர்ப்பதற்கு முன்பே ஜன்னல்களை வெட்டிவிடுங்கள். 1.2 × 1.8 செ.மீ. போதும். ஒரே அழுத்தில் வெட்டாமல் கத்தியை நான்கைந்து முறை லேசாக ஓட்ட வேண்டும். ஒவ்வொரு மூலையிலிருந்தும் தொடங்கி நடுவில் முடித்தால், மூலை தாண்டிய வெட்டுக்காயம் விழாது. மழுங்கிய கத்திதான் விளிம்பைக் கிழிக்கிறது. பிளேடு நுனியை அவ்வப்போது உடைத்துப் புதிதாக்குங்கள்.

அடுத்து அரக்கு, பிறகு நிறம். நிறம் காய்ந்தபின் ஜன்னலுக்கு உட்புறமாக மஞ்சள் அல்லது சிவப்பு செலோபேன், அதன் மேல் ஒரு துண்டு பட்டர் பேப்பர். பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் பல்பு ஒரு புள்ளியாகத் தெரியும்; இருந்தால் ஜன்னல் முழுக்க ஒளி பரவும். இத்தனையும் முடிந்த பிறகே சுவர்களை ஒட்டி, கூரையை ஏற்றுங்கள். அடித்தளத்துக்கு 12 × 11 செ.மீ. அளவில், 1 செ.மீ. உயர விளிம்பு வைத்த ஆழமில்லாத பெட்டி போதும். வீட்டைச் சற்றுப் பின்தள்ளி ஒட்டினால் முன்னால் முற்றமும் வேலியும் வைக்க இடம் கிடைக்கும். வேலி 1.5 செ.மீ.க்கு மேல் போனால் வாசலை மறைக்கும்.

புகைபோக்கி கூரை உச்சியில் உட்கார அதன் அடியில் வரும் கவிழ்ந்த V வடிவ வெட்டுக்குக் கோணமானி வேண்டாம். வெட்டிய முன்சுவரை ஒட்டும் முன் அதன் உச்சியையே அச்சாக வைத்துப் புகைபோக்கி அட்டையில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். இம்மி பிசகாமல் உட்காரும்.

கே: சீரியல் பல்பு வைக்கலாமா? (கோவை வாசகர்)

ப: எல்.இ.டி. மட்டும். சூடேறும் பழைய இழை பல்புகளை அட்டைக்குள் வைக்கவே கூடாது. பின்சுவரில் 1.5 செ.மீ. துளை போட்டால் சரத்தின் ஒரு பல்பு நுழையும். பேட்டரி மெழுகுவர்த்தி வைப்பதானால் அடித்தளத்தில், வீட்டின் உட்புறத்துக்கு நேராக, 4 செ.மீ. வட்டம் வெட்டுங்கள். மூலைகளில் ஒளி கசிந்தால் வீட்டின் அழகே போய்விடும். ஒட்டும் முன் சுவரின் உட்பக்கம் ஒரு கை கறுப்பு, அது காய்ந்ததும் ஒரு கை வெள்ளை அடித்தால் கசியாது, உள்ளே வெளிச்சமும் குறையாது.

கே: பனிக்கு ரவை தூவினேன், எறும்பு வந்தது. கல் உப்பு தூவினேன், மழை நாளில் கசிந்து ஒழுகியது. வேறு என்ன வழி? (தூத்துக்குடி வாசகி)

ப: தின்னும் பொருள் எதையும் வீட்டின் மேல் போடாதீர்கள், எறும்பு போனால் வண்டு வரும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், கார்த்திகை மார்கழியில் கேட்கவே வேண்டாம். வெள்ளை எமல்ஷன் இரண்டு பங்கு, ஃபெவிகால் ஒரு பங்கு, கழுவிக் காயவைத்துச் சலித்த நைஸ் மணல் ஒரு பங்கு. குழைத்து மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள். இரண்டாவது பூச்சு காய்வதற்குள் காக்காப்பொன் தூளைத் தூவினால் நிஜப் பனியின் மினுக்கம் வரும். அந்தக் காலத்து அட்டை வீடுகளிலும் மின்னியது காக்காப்பொன்தான். பிளாஸ்டிக் ஜிகினா அதற்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை: சுவருக்கு போஸ்டர் கலர் அடித்திருந்தால் இந்தக் கலவையின் ஈரத்தில் அது கரைந்து, பனியிலும் அந்த நிறம் ஏறிவிடும். அக்ரிலிக்தான் சரி.

கே: அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த அட்டை வீட்டின் அடியில் ‘ஜப்பான்’ என்று அச்சிட்டிருக்கிறது. கிறிஸ்துமஸ் வீட்டுக்கும் ஜப்பானுக்கும் என்ன தொடர்பு? எவ்வளவு பழையது? (சென்னை வாசகர்)

ப: நெருங்கிய தொடர்பு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1741-ல் பெத்லகேம் ஊரை நிறுவிய மொரேவிய சபைக் கிறிஸ்தவர்கள், குடிலைச் சுற்றி மலை, பாசி, வீடு என்று முழு நிலக்காட்சியே அமைப்பார்கள். அதற்கு ‘புட்ஸ்’ என்று பெயர். அந்த வழக்கம் மற்ற வீடுகளுக்கும் பரவி, மரத்தடியில் பொம்மை ரயிலோடு சேர்ந்தது. அதற்கான மலிவான அட்டை வீடுகளை 1920களின் இறுதியிலிருந்து ஜப்பான் ஏராளமாக ஏற்றுமதி செய்தது. உல்வொர்த் போன்ற சில்லறைக் கடைகளில் விற்றன. இரண்டாம் உலகப் போர் அந்த வரத்தை நிறுத்தியது. பின்னர் வந்தவற்றில் ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ (Occupied Japan, போருக்குப் பின் நேச நாட்டுப் படைகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஜப்பான்) என்ற முத்திரை இருந்தால் 1952-க்கு முந்தையது. வெறும் ‘ஜப்பான்’ என்றால் போருக்கு முன்னும் இருக்கலாம், பின்னும் இருக்கலாம். முத்திரையை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

அதைத் தயவுசெய்து ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நிறம் கையோடு வந்துவிடும். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். உதிர்ந்த மினுக்கத்தைப் புதுப்பிக்கவும் வேண்டாம். பழைய பூச்சின் மேல் புதுப் பூச்சு ஏறினால் சேகரிப்பவர் கண்ணில் அதன் மதிப்பு இறங்கிவிடும்.

கே: மரங்கள்? (மதுரை வாசகி)

ப: பீர்க்கங்கூடு. ஜப்பானியர்களும் இந்த இனத்து நாரைத்தான் சாயமேற்றி ஒட்டினார்கள். முற்றிய கூட்டைக் கூம்பாக வெட்டி, தண்ணீரில் இளக்கிய பச்சை அக்ரிலிக்கில் முக்கி, பிழிந்து, நிழலில் உலர்த்தி, பல் குச்சியில் குத்தி நடுங்கள். கேசரி பவுடர் வகை நிறங்கள் வேண்டாம், பனிப் பூச்சில் ஒட்டியதும் கசியும்.

கே: அடுத்த வருடம் வரை எப்படிப் பாதுகாப்பது? (நாகப்பட்டினம் வாசகர்)

ப: பேட்டரியைக் கழற்றுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து அடித்தளத்தை அரிக்கும். ஒவ்வொரு வீட்டையும் வெள்ளைத் தாளில் சுற்றி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். செய்தித்தாள் மை பனியில் ஒட்டும். பரண் வேண்டாம்; கோடைச் சூட்டில் ஹாட் குளூ இளகிக் கூரை தனியே வந்துவிடும். ஃபெவிகாலில் ஒட்டியவற்றுக்கு அந்தப் பயம் குறைவு.