கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு தட்சிணசித்ராவில் பார்க்க என்ன இருக்கிறது?

தட்சிணசித்ரா, சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பழைய வீடுகளைத் திரும்பக் கட்டி வைத்திருக்கும் அருங்காட்சியகம். கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் டிக்கெட் வாங்கிப் போய்ப் பழைய வீடுகளைப் பார்ப்பது வீண் செலவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லைங்க. உங்கள் அப்பா அம்மா இப்போது உங்களோடு சென்னையில்தான் இருப்பார்கள் என்று நினைக்கிறேன். அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

நான் காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண். முழங்கால் வலியால் அப்பா தறியை விட்டுவிட்டு எங்களோடு வந்தபிறகு அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் அவரையும் என் மகனையும் முட்டுக்காட்டுக்கு அழைத்துப் போனேன். செட்டிநாட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தவர், "நீங்க பாத்துட்டு வாங்கம்மா" என்றார். காஞ்சிபுரம் பட்டு நெசவாளர் வீட்டுக்கு வந்ததும் எங்களுக்கு முன்னால் அவரே உள்ளே போய்விட்டார்.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. எங்கள் வீட்டில் இருந்தது குழித்தறி, தரையில் தோண்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்வது. மண்ணின் ஈரப்பதம் இருந்தால் இழை சட்டென்று அறாது என்று பேரனுக்குச் சொன்னார். விடியற்காலையில் தெருவில் பாவு, அதாவது நீளவாக்கு நூலை, நீட்டிக் கஞ்சி போடுவதையும், மழை வந்தால் தெருவே ஓடிவந்து கைகொடுத்ததையும் சொன்னார். கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்று நெய்து இரண்டையும் இழைக்கு இழை கோத்துக்கொண்டே போவதுதான் கோர்வை. அதற்குக் குறுக்கு நூலை ஓட்டும் நாடா மூன்றும், இரண்டு ஆளும் வேண்டும். "உங்கம்மா உன் வயசுல எம் பக்கத்துல உக்காந்து கரை நாடா போடுவா" என்றார். என் மகன் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. யாரோ தெரியாத நாலு பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழந்தை உழைப்பைப் பெருமையாகப் பேசுகிறாள் என்று யாராவது எழுதுவார்கள். நான் பள்ளி விட்டு வந்துதான் தறியில் உட்கார்ந்தேன். ஆனால் தறியாலேயே படிப்பு நின்றுபோன பிள்ளைகள் எங்கள் தெருவில் இருந்தார்கள். அது தப்புதான். வீடுகளைத் துடைத்து அழகாக வைத்து வறுமையை மறைக்கிறார்கள் என்றும் சிலர் சொல்வார்கள். கூலி பாக்கியும் முதலாளியிடம் வாங்கிய முன்பணமும் எந்தச் சுவரிலும் தெரியாது, உண்மை. அதனால்தான் அப்படிப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்களைக் கூட்டிப் போகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது, ஒரு பெரிய கடையில் விசைத்தறிப் புடவையைக் 'கைத்தறிக் கோர்வை' என்று எடுத்துப் போட்டார்கள். அப்பா கரையை விரலால் தடவிப் பார்த்தார். உடலின் ஊடை நூல், அதாவது குறுக்கு நூல், கரைக்குள்ளும் ஓடியிருந்தது. அசல் கோர்வையில் அது ஓடாது, அதனால்தான் கரையின் நிறம் கலப்பில்லாமல் நிற்கும். கேட்டதற்கு விற்பனையாளர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பக்கத்திலிருந்தவர்களோ கைத்தறி விலையைக் கொடுத்து அதையே வாங்கிப் போனார்கள். நெய்பவனுக்குப் போகவேண்டிய காசு இப்படித்தான் வேறு எங்கோ போகிறது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் வளர்ந்தது ஒரு ஊரில், ஒரு மாதிரி வீட்டில்தானே? தட்சிணசித்ராவில் தென் மாநிலங்கள் பலவற்றின் வீடுகளும் இருக்கின்றன. டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல் இதைத் திறந்தது. வளாகத்தை முதலில் வடிவமைத்தவர் கட்டிடக் கலைஞர் லாரி பேக்கர். இடிபட இருந்த பழைய வீடுகள் பலவற்றை வாங்கி, பிரித்து எடுத்துவந்து, தச்சர்களையும் கொத்தனார்களையும் வைத்துத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கேரளத்து மர வீட்டையும், புயலைத் தாங்குவதற்காகவே வட்டமாகக் கட்டிய ஆந்திரக் கடலோர வீட்டையும் நான் வேறெங்கே போய்ப் பார்த்திருப்பேன்? எனக்குப் பிடித்தது அந்த வட்ட வீடுதான். என் மகன் குயவர் சக்கரத்தை விட்டு நகரவில்லை.

செவ்வாய்க்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுவது நல்லது. பெரியவர்களுக்கு நடை அதிகம், அதனால் எல்லா வீட்டையும் பார்த்தே ஆகவேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். அவர்களுக்குப் பிடித்த வீட்டில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும்.