கொத்தனார் வேலைக்கு டாக்டர் பட்டமா?

சென்ற வாரம் ஒரு குடும்பம் என்னிடம் படிப்பு ஆலோசனை கேட்டு வந்திருந்தது. அப்பா, அம்மா, மகள், கூடவே பெரியப்பா. மகள் சிவில் படித்து, கட்டுமான மேலாண்மையில் முதுகலையும் முடித்து, இரண்டு வருடமாக ஒரு பெரிய சைட்டில் பிளானிங் என்ஜினியராக இருக்கிறாள். இப்போது வேலையை விட்டுவிட்டு, அதே துறையில் கணினியையும் சேர்த்து பிஎச்.டி. செய்யப் போகிறேன் என்கிறாள். வீட்டில் ஒருவருக்கும் தூக்கமில்லை.

பெரியப்பாதான் முதலில் வாயைத் திறந்தார். “கொத்தனார் வேலைக்கு டாக்டர் பட்டமா சார்? நாலு பேர் கேட்டால் பெருமையாகச் சொல்கிற மாதிரி ஓர் இடத்தில் எம்.பி.ஏ. படிக்கட்டும். கடன் வாங்கியாவது படிக்க வைக்கிறோம்.”

நானும் வழக்கம்போலச் சமாதானம் பேசத்தான் ஆரம்பித்தேன். அவசரம் வேண்டாம், நிதானமாக யோசிப்போம், இரண்டிலும் நல்லது உண்டு என்று. அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

அட்டையெல்லாம் சிமென்ட் கறை. உள்ளே வாரத்துக்கு எதிரெதிரே இரண்டு பக்கம். இடது பக்கத்தில், திங்கட்கிழமைக் கூட்டத்தில் ‘இந்த வாரம் முடித்துவிடுவோம்’ என்று ஆளாளுக்கு ஒப்புக்கொண்ட வேலைகள். வலது பக்கத்தில் சனிக்கிழமை மாலை நிலவரம். முடியாததற்கு நேராகச் சிவப்பு மையில் காரணம். ‘கம்பி வந்துவிட்டது, ஷட்டரிங் பலகை வரவில்லை.’ ‘டிராயிங் மாறிவிட்டது, சைட்டில் இருப்பது பழைய பிரதி.’ ‘ஏ.சி. டக்ட் (காற்றுக் குழாய்) பீமில் இடிக்கிறது, கன்சல்டன்ட் பதில் வரவில்லை, ஒன்பதாவது நாள்.’ இப்படி எழுபது வாரங்களுக்கு மேல். எழுது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

அதைப் பார்த்த பிறகு எனக்குச் சமாதானம் பேச மனம் வரவில்லை. இந்தப் பெண்ணுக்கு எம்.பி.ஏ. வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டேன். எம்.பி.ஏ. மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை. அதை விரும்பிப் போகிறவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் உறவினர்களின் பெருமைக்காகப் பெரிய கடன் வாங்கிச் சேர்ந்தால், படிப்பு முடிந்து எந்த வேலைக்குப் போவது என்பதை மாதத் தவணைதான் முடிவு செய்யும்.

அந்த நோட்டில் இருக்கும் கேள்வியை வைத்தே ஒருவர் டாக்டர் பட்டம் வாங்கியிருக்கிறார் என்று பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. கிளென் பல்லார்ட் என்பவர், பல வருடம் கட்டுமானத் துறையில் இருந்துவிட்டு, 2000-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கொடுத்த ஆய்வேடு இதைப் பற்றியதுதான். வாரத் திட்டத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை சொன்னபடி முடிந்தன என்று அவர் கணக்கெடுத்தார். அக்கறையாக நடத்தப்பட்ட சைட்டுகளிலும் பாதியோ, அதைவிடச் சற்று அதிகமோதான் முடிந்திருந்தது. பொருள், ஆள், டிராயிங், முந்தைய வேலை எல்லாம் தயாராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஒரு வேலையை வாரத் திட்டத்தில் சேர்க்க வேண்டும், அதைச் செய்யப்போகிற ஃபோர்மேனே வாக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் அமைத்த முறைக்கு ‘லாஸ்ட் பிளானர்’ என்று பெயர். இன்று பல நாடுகளில் அதைப் பின்பற்றுகிறார்கள். அவருக்கு முன்பே 1992-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த லௌரி கொஸ்கெலா, ஸ்டான்ஃபோர்டில் இருந்தபோது ஓர் அறிக்கை எழுதினார். செங்கல் சுவராவதை மட்டும் கணக்கில் எடுக்கிறோம், நடுவில் காத்திருப்பதையும் தூக்கி அலைவதையும் திரும்பச் செய்வதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவர் வாதம். நோட்டில் சிவப்பு மையில் இருப்பதும் அதுதானே?

“சரி, கம்ப்யூட்டர் எங்கே வருகிறது?” என்று அப்பா கேட்டார். ‘பழைய பிரதி’ என்று எழுதியிருந்த வரியைக் காட்டினேன். சாதாரண டிராயிங்கில் சுவர் என்பது இரண்டு கோடு. ‘பிம்’ எனப்படும் கட்டடத் தகவல் மாதிரியில் சுவர் சுவராகவே இருக்கும்: தன் கனம், பொருள், எந்தத் தளம், எந்த வாரம் கட்டப்பட வேண்டும், உள்ளே எந்தக் குழாய் ஓடுகிறது எல்லாம் அதனுடன் சேர்ந்தே இருக்கும். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா டிராயிங்கிலும் மாறும். சார்லஸ் ஈஸ்ட்மன் 1975-லேயே இந்த யோசனையை எழுதிவிட்டார். பிரிட்டன் 2016 முதல் மத்திய அரசுப் பணிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. தகவலை யார், எப்போது, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதற்கென்று 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்ற சர்வதேசத் தரநிலை வந்தது.

இவ்வளவு வந்தும் டக்ட் ஏன் பீமில் இடிக்கிறது? ஆய்வுக்கான இடம் அங்கேதான் இருக்கிறது. இடிக்கிறது என்பது பிம் மாதிரியில் தெரிந்துவிடுகிறது. அதைத் தீர்க்க வேண்டியவரிடமிருந்து பதில்தான் வருவதில்லை. ஆர்கிடெக்ட் ஒரு மென்பொருள், ஸ்ட்ரக்சுரல் ஆள் வேறொன்று. இரண்டுக்கும் பொதுவாக ‘ஐ.எஃப்.சி.’ என்ற திறந்த வடிவம் இருக்கிறது, ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கதவின் தீத்தடுப்பு அளவு போன்ற விவரம் சத்தமில்லாமல் விழுந்துவிடும். இப்படித் தகவல் சரியாகக் கைமாறாததால் அமெரிக்காவில் பெரிய கட்டடங்கள், ஆலைகளில் வருடத்துக்கு 1,580 கோடி டாலர் வீணாவதாக அந்நாட்டுத் தர நிறுவனமான நிஸ்ட் 2004-இல் மதிப்பிட்டது. ஆய்வுக்கு இன்னோர் இடம், லேசர் ஸ்கேனரால் சைட்டைப் படமெடுத்து மாதிரியோடு ஒப்பிட்டு ‘எவ்வளவு வேலை முடிந்தது’ என்று கணினியே சொல்வது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சாரமும் ஷட்டரிங்கும் மறைத்துக்கொண்டிருக்கும்போது உள்ளே கான்கிரீட் போட்டாயிற்றா, கம்பி மட்டும் கட்டியிருக்கிறதா என்று ஸ்கேனருக்குத் தெரியாது. தளத்தில் நின்றவருக்குத்தான் இந்தக் கேள்விகள் கேள்வியாகவே தோன்றும். அதனால்தான் அவளுடைய இரண்டு வருடம் வீண் என்று பெரியப்பா சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கோபம் வந்தது.

முடித்தால் வேலை? பேராசிரியர் பணி ஒன்று. பெரிய ஒப்பந்த நிறுவனங்களின் டிஜிட்டல் பிரிவு, மென்பொருள் நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, கட்டுவிக்கும் அரசு அமைப்புகள். பலர் யோசிக்காதது, தாமதப் பகுப்பாய்வு: வேலை தாமதமானதற்கு யார் பொறுப்பு என்று நடுவர் மன்றத்தில் தகராறு வரும்போது, ஆவணங்களை வைத்து அலசிச் சொல்கிற நிபுணர் வேலை. அந்த நோட்டு மாதிரி ஒன்று கையில் இருந்தால் அந்த நிபுணர் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

இனிப் பணம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் பழக்கமில்லை. உதவித்தொகை இல்லாத பிஎச்.டி.யில் சேரக் கூடாது, ஒரு ரூபாய் கூடக் கடன் வாங்கக் கூடாது. உதவித்தொகை எத்தனை வருடம் என்பதை எழுத்தில் கேட்க வேண்டும். மூன்று வருடத்தில் தொகை நின்று, ஆய்வு ஐந்தாவது வருடத்துக்கு இழுத்துக்கொண்டு போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அத்தனை வருடச் சம்பளம் போகும் என்பதையும் மறைக்கவில்லை. அந்தக் கணக்கை அப்பாவையே போடச் சொன்னேன். போட்டார், முகம் சுருங்கியது, ஆனால் எம்.பி.ஏ. கடனைவிடக் குறைவு என்று அவரே சொன்னார்.

பல்கலைக்கழகத்தின் பெயரைவிட கைடு முக்கியம். அவரிடம் இப்போது ஆய்வு செய்கிற இரண்டு பேரிடம், ‘மாதத்தில் எத்தனை தடவை உங்களோடு உட்காருகிறார்’ என்று மட்டும் கேட்டால் போதும். அவர் மாணவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று ‘ஐடிகான்’ மாதிரி இலவசமாகப் படிக்கக் கிடைக்கும் ஆய்விதழ்களில் பார்க்கலாம்.

கிளம்பும்போது அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தம்பியும் சிவில்தான் சார், மாடலிங் மென்பொருள் எல்லாம் அத்துப்படி. அவனையும் இதிலேயே விட்டுவிடலாமா?” பையனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டேன். வீடு டிசைன் செய்வது, உடனே சம்பாதிப்பது என்றாள் அக்கா. அப்படியானால் வேண்டவே வேண்டாம் என்றேன். மென்பொருள் ஓட்டத் தெரிவது நல்ல வேலைக்குப் போதும். பல வருடம் ஒரே கேள்வியோடு உட்காருவதற்கு அந்தக் கேள்வி தானாக வந்திருக்க வேண்டும், அக்காவைப் பார்த்து வரக் கூடாது.

அந்தப் பெண்ணுக்கும் ஒரு வேலை கொடுத்து அனுப்பினேன். நோட்டு அவளுடையது, ஆனால் அதில் இருப்பது நிறுவனத்தின் விவரம். வேலையை விட்ட பிறகு அதற்கு அனுமதி யாரும் தரமாட்டார்கள். நிறுவனத்தின் பெயரையும் திட்டத்தின் பெயரையும் வெளியிடாமல் ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்கிறேன் என்று இப்போதே மேலாளரிடம் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்கச் சொன்னேன். அது கைக்கு வந்த பிறகு ராஜினாமா கடிதம்.